வெள்ளை வட்டம் போட்ட வேகன்

“போலாம் ரைட்! நிக்காத சுப்பிரமணி! ரைட், ரைட், ரைட்!”

கண்டக்டர் ஐசக் கத்தினான். கத்தி முடித்ததும் விசிலை வாயில் செருகி ஊதினான். ஊதி முடித்ததும் மறுபடி கத்தினான். உத்திரமேரூரிலிருந்து கிளம்பிய அந்தத் தனியார் பஸ், கூட்ரோட்டில் கை நீட்டி நின்ற கும்பலைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டுப் பறந்தது.

“யோவ் கண்டக்டரு! எங்க ஊரு போவுதுய்யா! கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?” மடியிலிருந்த துணி மூட்டையோடு எழுந்து நின்றாள் செங்கேணி.

“ஊரு எங்கியும் ஓடிடாது யக்கா. திரும்பி வரசொல்ல உன் வூட்டு வாசல்லியே எறக்கி வுட்றேன். குந்து.”

“உன் பஸ்ஸு நாசமாப் பூட!”

“இன்னிக்கு மட்டும் வாணாங்க்கா. நாளிக்கு சாபம் வுடு.”

முன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த தாமோதரனுக்கு இந்தச் சண்டை எதுவும் காதில் ஏறவில்லை. கம்பியைப் பிடித்த கை வியர்வையில் வழுக்கியது. துடைத்தான். மறுபடி வழுக்கியது.

“ஐசக்கு... புடிச்சிடலாமா?”

“நீ பேசாத வாண்ணா. நீ பேசினா எனக்குக் கையி காலு வெலவெலன்னுது.”

அரக்கோணம் போகும் சாயங்கால ரயில், இன்னும் கொஞ்ச நேரத்தில் வேப்பங்குளம் ரோடு ஸ்டேஷனிலிருந்து கிளம்பப் போகிறது. அதில் தாமோதரனின் மனைவி பாஞ்சாலி இருக்கிறாள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் காவடிக் கூட்டம் அத்தனையும் இருக்கிறது. அதே ரயிலில், அச்சு கெட்டுப்போன ஒரு கூட்ஸ் வேகனும் கோக்கப்பட்டிருக்கிறது. ஓடக்கூடாத வேகன். ஓடினால் எங்கே, எந்த வளைவில் முறியும் என்று சொல்ல முடியாத வேகன்.

அதை ஓட வைத்தவன் தாமோதரன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தாமோதரன் யாருக்கும் தீங்கு நினைக்காதவன். குடி கிடையாது. சீட்டு கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் பொம்மை ரயில்.

ஊருக்கு ரயிலே கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் உத்திரமேரூரில் ஒரு ரயில் ஓடியது. பஜாருக்குப் பின்தெருவில் சுலோச்சனா நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், மெஷின்களை மூலையில் ஒதுக்கி, மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, அதன் மேல் தகரத் தண்டவாளம். கூட்டாளிகள் மூன்று பேர்தான். தாமோதரன், ஐசக், சுலோச்சனா. வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சாவி முடுக்குவார்கள்.

வேகன்கள் வருவது மெட்ராசிலிருந்து. சிந்தாதிரிப்பேட்டையில் வைத்தியலிங்கம் என்று ஒருவர். நிஜ வேகனை அளவெடுத்து, அதன் நம்பர் முதற்கொண்டு அப்படியே உள்ளங்கை அளவுக்குத் தகரத்தில் அடித்து விற்பவர். ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று. அதற்கு மேல் கேட்டாலும் கிடைக்காது. அடுத்து என்ன வேகன் என்று மட்டும் அந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார். கேட்டு எழுதினால், ‘வரும்போது பார்க்கவும்’ என்று ஒரு வரியில் தபால் அட்டை வரும்.

அந்த ஒரு வரிதான் இவர்கள் மூவரின் தூக்கத்தையும் கெடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஐசக் ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“தொட்டி வேகன்தான். எழுதி வெச்சிக்கோ. போன தபா கரி வண்டி வந்த பொட்டி இது. வண்டி சின்னது, பொட்டி பெருசு. உள்ள பாரு, அட்டைய உருண்டையா வெட்டிகீறான். அடுத்த வண்டிக்கு அடிச்ச பொட்டிய அவசரத்துக்கு இதுக்குப் போட்டு அனுப்பிட்டான். உருண்டையா இருக்கறது இன்னா? எண்ணெய்த் தொட்டி!”

“பொட்டியப் பாத்தே பொண்ணு அழகு சொல்ற ஆளு நீதான் ஐசக்கு,” என்றாள் சுலோச்சனா.

“டீச்சருக்குப் பொறாமை.”

“நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் யோசனை பண்ணுங்க,” என்றான் தாமோதரன். வாட்ச் பார்க்கும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டான். “அந்தாளு வரிசைய பாரு. மொதல்ல மரம் ஏத்தற வண்டி. அப்பால உப்பு வண்டி. அப்பால கரி வண்டி. இத்தினி வண்டி வுட்டவன், கொடி காட்டற கார்டு குந்திக்கினு போற கார்டு வண்டி வுடாம இருப்பானா? நம்ம ரயிலு வாலறுந்த நாயி மாதிரி கீது. பின்னாடி ஒரு கார்டு வண்டி, அதுல குட்டியா ஒரு வராந்தா, கம்பி... அட அட!”

“உனக்குக் கார்டு வண்டி மேல கண்ணு. அதனால அதான் வரும்னு சொல்ற.”

“உங்களுக்கு மாட்டு வேகன் மேல கண்ணு இல்லியா டீச்சர்? ரெண்டு வருசமா அதத்தானே ஜபிச்சிக்கினு கீறீங்க?”

சுலோச்சனா சிரித்தாள். சிரித்தபடியே, அதுவரை பொத்தி வைத்திருந்ததை மேஜை மேல் போட்டாள்.

“ஜபம் பலிச்சிட்ச்சி. நேத்து அக்கா வூட்டுக்குப் போயிருந்தேன் இல்ல? வேப்பங்குளம் ரோடு சைடிங்ல குறி போட்டுகீது. வட்டம், நடுவுல பெருக்கல் கீறு. எதுல தெரியுமா? மாட்டு வேகன்ல!”

ஐசக் கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே போட்டான்.

குறி என்றால் என்ன என்று மூவருக்கும் தெரியும். போன வருஷம் அதே சைடிங்கில், ஸ்டேஷனை ஒட்டிய பக்கத் தண்டவாளத்தில், ஒரு கரி வேகன் தனியாக நின்றது. அதன் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு வட்டம், நடுவில் பெருக்கல் கீறு. தை மாதம் மெட்ராசிலிருந்து பார்சல் வந்தது. பிரித்தால் அதே கரி வேகன். அதே நம்பர். அன்றைக்கு இவர்கள் குதித்த குதியில் ஒரு டைப் மெஷின் கீழே விழுந்தது. ரகசியம் பிடிபட்டுவிட்டது! வைத்தியலிங்கத்தின் ஆள் ஒருவன் முன்னால் வந்து குறி போட்டுவிட்டுப் போகிறான். பின்னால் வைத்தியலிங்கம் வந்து, குறி போட்ட வேகனை அளவெடுக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் டிரிப்பில் ஐசக் பஸ்ஸிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். “கன்பார்ம்ணா. மாட்டு வண்டிதான். டீச்சரு ஜெயிச்சிடிச்சி.”

அன்றிரவு தாமோதரன் சரியாகச் சாப்பிடவில்லை. “இன்னாய்யா, சோறு எறங்கல?” என்று பாஞ்சாலி கேட்டாள். கார்டு வண்டி என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது?

குறி போடுகிறவன் ஒருத்தன். அளவெடுக்கிறவன் வேறொருத்தன். குறி இடம் மாறினால் அளவெடுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாள், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் காஞ்சிபுரம் போகிறேன் என்று கிளம்பியவன் வேப்பங்குளம் ரோட்டில் இறங்கினான். உச்சி வெயில். சைடிங்கில் வேகன்கள் வரிசையாக நின்றன. மாட்டு வேகன், திறந்த வேகன்கள், கடலை எண்ணெய்த் தொட்டி வேகன், கடைசியில் கம்பி வராந்தாவோடு அந்தக் கார்டு வண்டி. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் தவிர சாட்சி இல்லை. தாமோதரன் கைக்குட்டையை நனைத்து மாட்டு வேகனைத் துடைத்தான். சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்தான். கார்டு வண்டியில் வட்டம் போட்டு, நடுவில் கீறினான். தள்ளி நின்று பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். சந்தோஷத்தில்.

இன்றைக்கு மத்தியானம் ஐசக் கடைக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

“அண்ணா, நம்ம ஆராய்ச்சி எல்லாம் பொகையா பூட்ச்சி! ரயில்வேயில வண்டி செக் பண்ற இன்ஸ்பெக்டர் ஒருத்தரு நம்ம பஸ்ல வந்தாரு. கிருத்திகைக்கு லீவு போட்டுக்கினு பெருநகர் போறாராம். பேச்சுக் குடுத்தேன். அந்த வட்டம் இன்னா தெரியுமா? அளவுக் குறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சீக்கு வண்டிக் குறி!”

“சீக்கு வண்டியா?”

“ரிப்பேர் வண்டிண்ணா. அச்சுல விரிசல் வுட்டுகீதாம். அத்த எந்த ரயில்லியும் கோக்கக் கூடாதுன்னு அந்தக் குறி. காயிதம் ஆபீசுக்குப் போயி வர நாளாவும், சைடிங்ல வேல செய்ற ஆளு பாக்கறது குறியத்தான். குறி இருந்தா தொடமாட்டான். இல்லன்னா இஸ்த்துக்கினு போயி மாட்டிடுவான்.”

தாமோதரன் கையிலிருந்த இடுக்கி நின்றது.

“கரி வண்டிய வைத்தியலிங்கம் எதுக்கு அளவெடுத்தாரு? அது சீக்கு வண்டி, மாசக்கணக்கா ஒரே எடத்துல நின்னுக்கினு இருந்திச்சி. சாவகாசமா அளந்துட்டாரு. இத்தப் போயி நாம...” ஐசக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நல்ல வேளை, குறி போட்டாங்க. ‘அந்த வண்டி இந்தக் காவடிக் கூட்டத்தோட ஓடி, ஏரிக்கரை வளைவுல அச்சு முறிஞ்சிதுன்னா, பின்னால வர்ற பெட்டி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஏரிக்குள்ளதான் போவும்’னு அந்தாளு சொல்றாரு. நம்ம மாட்டு வண்டி கதைதான்ணா அது... இன்னாண்ணா? இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் வெளுத்துப் பூட்ச்சி?”

இடுக்கி கீழே விழுந்தது.

“ஐசக்கு... பாஞ்சாலி மத்தியான பஸ்சுக்குப் பூட்டா. அவ அம்மாவும் கூடப் பூட்ச்சி.”

“எங்க?”

“திருத்தணி. வேப்பங்குளம் ரோட்ல ரயிலு ஏர்றாங்க.”

“ஏறட்டும். அதுக்கு இன்னா?”

தாமோதரன் சொன்னான். கைக்குட்டை, சாக்பீஸ், கார்டு வண்டி. ஐசக்கின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

“அடப் பாவி மனுசா.”

போஸ்ட் ஆபீசில் டிரங்க் கால் போட்டு லைன் கிடைப்பதற்குள் ரயில் அரக்கோணமே போய்ச் சேர்ந்துவிடும். அல்லது சேராது. இருவரும் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினார்கள்.

பாலாற்றுத் தரைப்பாலத்தில் மணல் மூடியிருந்தது. பஸ் திணறியது. சுப்பிரமணி கியரை மாற்றி மாற்றிப் போட்டான். சக்கரம் சுற்றியது, பஸ் நகரவில்லை.

“எறங்குங்க! எல்லாம் எறங்கித் தள்ளுங்க!” ஐசக் குதித்தான்.

“ஊரத் தாண்டி இட்டாந்ததும் இல்லாம வண்டி வேற தள்ளணுமா?” என்று செங்கேணி பொங்கினாள்.

“யக்கா, ஒரு ரயிலு ஜனம் சாவப் போவுதுக்கா. இவரு பொண்டாட்டி அதுல கீது.”

செங்கேணி தாமோதரனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பஸ்ஸுக்குப் பின்னால் தோளைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான். கன்னத்தில் வழிந்தது வியர்வை மட்டும் அல்ல. அவள் மூட்டையைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கினாள். “தள்ளுங்கடா! பாத்துக்கினு நிக்கறீங்க!”

பஸ் குலுங்கிக் கரையேறியது.

வேப்பங்குளம் ரோடு ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில்வே கேட். பஸ் திருப்பத்தில் வந்தபோதே தெரிந்தது. கேட் மூடிக் கிடந்தது. அப்புறம் கேட்டது, நீளமான ஒரு விசில். இந்த முறை ஐசக்குடையது அல்ல.

“கெளம்பிட்ச்சி,” என்றான் சுப்பிரமணி.

மரங்களுக்கு மேலே புகை எழும்பியது. ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம். கேட்டைத் தாண்டிவிட்டால் அடுத்தது ஏரிக்கரை வளைவு. பஸ் நிற்பதற்குள் தாமோதரன் குதித்து உருண்டான். எழுந்தான்.

“செவப்பு! செவப்பா ஏதாவது குடுங்க!”

யாரிடமும் இல்லை. செங்கேணியின் மூட்டை மட்டும் வாயைப் பிளந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு சிவப்புப் பாவாடை எட்டிப் பார்த்தது. ஐசக் உருவினான்.

“டேய்! அது என் மருமவளுக்கு வாங்கினதுடா!”

தாமோதரன் கேட்டுக்கு அடியில் நுழைந்து தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றான். இன்ஜின் கறுப்பாக, ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாக வந்துகொண்டிருந்தது. அவன் மேஜையில் ஓடும் ரயில் எத்தனை அழகு! இது மிருகம். தரை அதிர்ந்தது. உள்ளங்காலில் ஆரம்பித்த நடுக்கம் பல் வரைக்கும் வந்தது. ஓடிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது.

அவன் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாவாடையை வீசினான்.

“நில்லு! நில்லு! நில்லு!”

கிரீச்சென்று ஒரு சத்தம். இரும்பு இரும்பை அறுக்கும் சத்தம். சூடான ஆவி முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தபோது இன்ஜினின் மூக்கு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

“யார்ரா நீ? சாவறதுக்கு வேற ரயில் கெடைக்கலியா?” டிரைவர் தொங்கிக்கொண்டு திட்டினார்.

ஐசக்தான் மூச்சு வாங்க வந்து கத்தினான். “சார்! உங்க வண்டில சீக்கு வேகன் கீது சார்! மாட்டு வேகன்! கழட்டுங்க சார்!”

பெட்டிகளிலிருந்து தலைகள் நீண்டன. மஞ்சள் துணிகளும் காவடிகளும் இறங்கின. யாரோ ‘அரோகரா’ என்றார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக ஓடி வந்தார். வயதானவர். கோபத்தில் வார்த்தை தடுமாறியது.

“யார் நிறுத்தினது? உள்ள போடறேன்... ஜெயில்ல போடறேன்...”

தாமோதரன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். “போடுங்க சார். எத்தினி வருசம் வோணா போடுங்க. மொதல்ல ஜனத்த எறக்குங்க. வட்டக் குறிய அழிச்சது நான்தான் சார். மாட்டு வேகன்லருந்து அழிச்சி கார்டு வண்டில போட்டேன்.”

கார்டின் கொடிகள் தாழ்ந்தன.

“கார்டு வண்டியில போட்டது நீயா? நல்ல வண்டி, அதுக்கு யாரு சிக் மார்க் போட்டதுன்னு காலையிலருந்து மண்டைய ஒடைச்சிக்கிட்டேன். அத அங்கேயே விட்டுட்டு, நான் ஜனத்தோட ஜனமா பெட்டியில உக்காந்து வர்றேன்.” அவர் முகத்திலிருந்த கோபம் போய் வேறொன்று வந்தது. அதுவும் பயம்தான். “எந்த வேகன்னு சொன்ன?”

“மாட்டு வேகன் சார்.”

அவர் இன்ஜின் பக்கம் நடந்தார். வேகன்கள் இன்ஜினுக்கு அடுத்து இருந்தன. முதலில் மாட்டு வேகன். அடுத்து நெல் மூட்டை ஏற்றிய திறந்த வேகன்கள். அப்புறம் கடலை எண்ணெய்த் தொட்டி வேகன். தொட்டியை ஒட்டியே ஜனங்களின் பெட்டி.

அந்த முதல் பெட்டியின் வாசலில் பாஞ்சாலி நின்றாள். மஞ்சள் புடவை, நெற்றி நிறைய விபூதி.

“இன்னாய்யா இது? இங்க எங்க வந்த? ஏன் சட்டையெல்லாம் ரத்தம்?”

“எறங்கு. எறங்குடி கீழ!”

“இன்னாத்துக்கு?”

“கேள்வி கேக்காத. அத்தைய எறக்கு!”

அவன் குரலில் இருந்த எதுவோ அவளை இறங்க வைத்தது. பின்னால் மாமியார் ஜெயம்மாளும் முனகிக்கொண்டே இறங்கினாள். “மாப்ளைக்குப் புத்தி பெரண்டு பூட்ச்சா? சாமி வேண்டுதலுக்குப் போறவள வழி மறிக்கறாரு.”

தாமோதரன் தொட்டி வேகனின் மேல் சாய்ந்து நின்றான். பாஞ்சாலியின் கையை மட்டும் விடவில்லை.

கார்டும், இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேனும் மாட்டு வேகனுக்கு அடியில் குனிந்தார்கள். ஒரு சுத்தியல். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டினார்கள். கணீர். மறுபக்கம் போனார்கள். கணீர். டார்ச் அடித்து அச்சை முழுக்கப் பார்த்தார்கள். ஃபயர்மேன் தவழ்ந்து உள்ளே போய் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“ஒண்ணும் இல்ல சார். புத்தம் புது அச்சு மாதிரி கீது.”

“நல்லாப் பாரு.”

“ரெண்டு தபா பாத்துட்டேன் சார். ஒரு கீறல் கூட இல்ல.”

கார்டு நெற்றியைத் துடைத்தார். தாமோதரனைப் பார்த்தார். “யோவ், இந்த வண்டியிலதான் குறி இருந்துதா?”

“சத்தியமா சார். என் கையால அழிச்சேன்.”

“நானும் பாத்தேன் சார்,” என்றான் ஐசக். “ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

“இன்ஸ்பெக்டர் வெயில்ல மாத்திப் போட்டிருப்பாரு, இல்ல ரிப்பேர் பண்ணி முடிச்சிட்டு அழிக்க மறந்திருப்பாங்க. எதுவோ ஒண்ணு. வண்டி நல்லா இருக்கு.” கார்டுக்குக் குரல் திரும்பிவிட்டது. “அரக்கோணத்துல போய் ரிப்போர்ட் எழுதறேன். உன் பேரு, கடை எல்லாம் சொல்லு. போலீசு வரும். ஓடிடாத.”

“ஓடமாட்டேன் சார்.” தாமோதரன் அழுதுகொண்டே சிரித்தான். “எங்கியும் ஓடமாட்டேன்.”

காவடிக் கூட்டம் பொறுமை இழந்துவிட்டது. “வண்டிய எடுங்கய்யா! அந்தப் பைத்தியத்த ஓரமாத் தள்ளுங்க!” டிரைவர் விசிலை இழுத்தார்.

பாஞ்சாலி கையை உதறினாள். “மானத்த வாங்கிட்ட. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். நீ ஏறு.” தாமோதரனே அவளைப் படியில் ஏற்றிவிட்டான். மாமியாரை இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான். பையை எடுத்துக் கொடுத்தான். “ஜன்னலோரம் குந்திக்கோ. எனக்கும் சேத்து வேண்டிக்கோ.”

“உனக்கு வேண்டிக்கறதுக்கு ஒரு காவடி பத்தாது,” என்றாள் பாஞ்சாலி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரயில் ஒரு தடவை குலுங்கியது. நகர்ந்தது.

கேட்டருகே தாமோதரன் கூழாங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஐசக் பக்கத்தில் குந்தினான். வேகன்கள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்தன. முதல் பெட்டி ஜன்னலிலிருந்து மஞ்சள் முந்தானை ஒன்று ஆடியது. தாமோதரன் கை ஆட்டினான்.

“என் பாவாடைய குட்றா,” என்றாள் செங்கேணி, பின்னால் வந்து.

ஐசக் வெடித்துச் சிரித்தான். அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாகக் கொட்டியது.

அப்போதுதான் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவிலிருந்து சுலோச்சனா ஓடி வந்தாள். அவள் அக்கா வீடு அங்கேதான். கையெல்லாம் மாவு.

“இன்னா ஆச்சு? ரயிலு நின்னுட்ச்சின்னாங்க... தாமோதரண்ணா, நீ இங்க இன்னா பண்ற? யாராவது அடிபட்டுட்டாங்களா?”

“ஒண்ணும் இல்ல டீச்சர்,” ஐசக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அண்ணன் இன்னிக்கு ஒரு ரயிலையே கையால நிறுத்திட்டாரு. நம்ம வட்டம் இல்ல, வட்டம்? அது அளவுக் குறி இல்லியாம். சீக்கு வண்டிக் குறியாம். அச்சு ஒடஞ்ச வண்டியாம்.”

சுலோச்சனா சிரிக்கவில்லை.

“அண்ணன் கார்டு வண்டி ஆசையில மாட்டு வேகன் குறிய அழிச்சிட்டாரு. அண்ணி ரயில்ல போறாங்கன்னு பதறிப் போயி ஓடியாந்தா, மாட்டு வேகன் கல்லு மாதிரி கீது! தட்டிப் பாத்துட்டாங்க. வீணா ஒரு பாவாடை பாழாச்சி.”

“மாட்டு வேகன மட்டுமா பாத்தாங்க?”

“வேற எத்தப் பாக்கணும்?”

ரயில் வேகம் பிடித்துவிட்டது. கடைசிப் பெட்டி கேட்டைத் தாண்டியது. இன்ஜின் ஏரிக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

சுலோச்சனா மாவுக் கையால் வாயைப் பொத்தினாள். கையை எடுத்தபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

“அண்ணா... மாட்டு வேகன்ல இருந்த வட்டம் நான் போட்டது.”

தாமோதரன் எழுந்தான்.

“எனக்கு மாட்டு வேகன் வேணும்னு ஆசை. நீ பண்ணதத்தான் உனக்கு முன்னாடியே நானும் பண்ணேன். வேற வண்டியில இருந்தத அழிச்சிட்டு...”

“எந்த வண்டி?” அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “டீச்சர்! எந்த வண்டியில இருந்திச்சி?”

தூரத்தில் ரயில் வளைவில் திரும்ப ஆரம்பித்தது.

“தொட்டி வண்டியில.”